சமர்ப்பணம் ராபின் ஹூட்டுக்கு

விடுதியில் என்னோடு தங்கிப் படித்த நண்பன் ஒருவன் இப்போது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். கூட வேலை பார்க்கிற வெள்ளைக்காரர் ஒருவர் அவனை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். துப்பாக்கி இல்லை, வில். விடியறதுக்கு முன்னாடி இருட்டிலேயே காட்டுக்குள் போய், மரத்தில் பதினைந்து இருபது அடி உயரத்தில் மாட்டியிருக்கிற பரணில் ஏறி, விழாமல் இருக்க உடம்பில் வார் பூட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பரண்னா நம்ம சோளக்கொல்லைப் பரண் மாதிரியாடா?" என்றேன்.

"அது காவலுக்கு. இது கொல்றதுக்கு" என்றான்.

மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிசு. உயரத்தில் இருந்தால் மனுச வாடை அதன் தலைக்கு மேலே காற்றோடு போய்விடும். அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் அதுக்கு அதிகம் கிடையாது. இருபது முப்பது கஜத்துக்குள் வந்தால்தான் அம்பு விடலாம். குண்டு மாதிரி அம்பு அடித்துச் சாய்க்காது. முனையில் உள்ள அலகு உள்ளே அறுத்து, ரத்தம் போய்த்தான் மான் சாகும். அதனால் எய்தவுடனே இறங்கி ஓடக்கூடாது. அரைமணி நேரமாவது மேலேயே இருந்துவிட்டு, இறங்கி, இலையில் கிடக்கிற ரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும். சிகரெட் வாடை உள்ள சட்டையோடு போகக்கூடாது. வாடையே இல்லாத சோப்பு என்று ஒன்று கடையில் விற்கிறார்கள், அதில்தான் குளிக்கணும்.

இதையெல்லாம் இவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டான். "இதுதான் அவங்க வேதம். அந்த ஆளு எனக்குப் பரிசாக் குடுத்தாரு. உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, வச்சுக்க."

அது 1923இல் வெளிவந்த 'வில் அம்பு கொண்டு வேட்டையாடுதல்' என்ற புத்தகம். எழுதியவர் சாக்ஸ்டன் போப், சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். நவீன அமெரிக்க வில்வேட்டையின் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள். இவர் பெயரையும் இவரது கூட்டாளி ஆர்தர் யங் பெயரையும் சேர்த்து வைத்துத்தான் அங்கே வில்வேட்டைக்காரர்களுக்கு ஒரு சங்கம் நடக்கிறது. யார் எத்தனை பெரிய கொம்புள்ள மானை அம்பால் அடித்தார் என்று அங்குலம் அங்குலமாக அளந்து பதிவேட்டில் எழுதுவது அதன் வேலைகளில் ஒன்று.

புத்தகத்தைப் புரட்டினால் முதல் மூன்று அத்தியாயமும் ஒரே மனிதரைப் பற்றி. முதல் அத்தியாயத்தின் தலைப்பு, கடைசி யானா இந்தியனின் கதை. அந்த மனிதர்தான் போப்புக்கு வில்லைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். வேட்டைக்கு முந்தின நாள் மீன் தின்னமாட்டார், புகை வாடை படவிடமாட்டார், வேட்டையன்று காலையில் தலைமுதல் கால்வரை குளித்து, வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு கிளம்புவார் என்று போப் எழுதிவைத்திருக்கிறார். என் நண்பன் சொன்ன அந்தச் சோப்பின் மூலம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரை உலகம் இஷி என்று அழைக்கிறது. அது அவர் பெயர் இல்லை. யானா மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். தன் பெயரைத் தானே வாயால் சொல்வது அவர் மக்களிடம் வழக்கமில்லை. சொல்லக்கூடிய சொந்தக்காரர் ஒருவரும் மிச்சம் இல்லை. பத்திரிகைக்காரர்கள் பெயர் பெயர் என்று நச்சரித்ததால் மானுடவியல் பேராசிரியர் குரோபர் போட்ட பெயர்தான் இஷி.

ஏன் ஒருவரும் மிச்சமில்லை?

1848இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. 1850இல் அந்த மாநிலம் போட்ட சட்டத்தின் தலைப்பில் இந்தியர்களின் 'பாதுகாப்பு' என்ற சொல் இருக்கும்; உள்ளே பார்த்தால் அவர்களைப் பிடித்து வேலை வாங்குவதற்கு வழி இருக்கும். நமக்கு இந்த மாதிரித் தலைப்புகள் புதுசில்லை. 1851இல் அந்த மாநில ஆளுநர் பர்னெட், இந்த இனம் அழிகிறவரை யுத்தம் நடக்கும் என்ற பொருளில் சட்டமன்றத்துக்கே சொன்னார். 1871இல் கிங்ஸ்லி குகையில் மாட்டுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஒளிந்திருந்த யாஹி மக்களைச் சுட்டார்கள். ஏறக்குறைய முப்பது உயிர். யாஹி என்பது யானா மக்களில் ஒரு பிரிவு, இஷியின் பிரிவு. அந்த நாலு பேரில் ஒருவர் பாதியில் பெரிய துப்பாக்கியை வைத்துவிட்டுக் கைத்துப்பாக்கிக்கு மாறினாராம். பெரிய குண்டு குழந்தைகளை ரொம்பக் கிழித்துவிடுகிறதாம். இதை மானுடவியலாளர் வாட்டர்மன் 1918இல் பதிவு செய்திருக்கிறார். எந்த ஆயுதம் கண்ணியமானது என்ற விசாரம் வில்வேட்டைப் புத்தகங்களில் நிறைய வரும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தக் கைத்துப்பாக்கி ஞாபகம்தான் வந்தது.

தப்பித்த ஒரு கைப்பிடிப் பேர் முப்பது நாற்பது வருசம் பள்ளத்தாக்கில் ஒளிந்து வாழ்ந்தார்கள். துப்பாக்கி இல்லை, சத்தமில்லாத வில்தான் அவர்களைக் காப்பாற்றியது. 1908இல் நில அளவைக்காரர்கள் அவர்கள் குடிசைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் ஓடிவிட, நடக்கமுடியாத ஒரு கிழவி மட்டும் போர்வைக்குள் கிடந்தாள். வந்தவர்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. வில், அம்பு, போர்வை, கூடை, சாப்பாட்டுச் சாமான் எல்லாத்தையும் ஞாபகார்த்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஞாபகார்த்தம்! குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில். மூன்று வருசம் கழித்து, 1911 ஆகஸ்டில், ஓரோவில் என்ற ஊரில் மாடு அறுக்கிற கொட்டடிப் பக்கம் பசியோடு ஒரு மனிதர் தனியாக நின்றார். பிடித்து ஜெயிலில் வைத்தார்கள். வாட்டர்மன் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார். கட்டில் சட்டத்தைத் தட்டி 'சிவினி' என்றபோதுதான் அந்த முகம் மலர்ந்தது. மஞ்சள் பைன் மரத்துக்கு அந்தப் பேர். பிறகு அவரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். மாதம் 25 டாலர் சம்பளத்தில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாள். ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டத்துக்கு முன்னால் அம்புமுனை செதுக்கிக் காட்டணும், நெருப்புக் கடைந்து காட்டணும்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துக் கட்டிடம்தான் போப்பின் மருத்துவமனை.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். போப் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இரண்டாம் மூன்றாம் அத்தியாயங்களைப் படிக்கிறபோது என் நெஞ்சு இளகியது. வில்லுக்கு இஷி சொல்கிற சொல் மன்னீ, அம்புக்கு சாவா, எரிமலைக் கண்ணாடிக் கல்லுக்கு ஹாகா என்று ஒவ்வொன்றையும் குறித்திருக்கிறார். வில்லின் நீளம் 42 அங்குலம். இஷியின் கணக்கில், நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புவரை. முதுகில் மான் நரம்பு ஒட்டிய வில். நிமிர்த்தி வைத்தால் வில் களைத்துப்போய் வேர்க்குமாம், படுக்கத்தான் வைக்கணுமாம். கல் செதுக்கும்போது கண்ணில் சில் தெறித்தால், குனிந்து கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உச்சந்தலையில் ஓங்கி ஒரு தட்டு. சில் விழுந்துவிடும். விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுகிற மாதிரி உறிஞ்சி, பருந்திடம் சிக்கிய முயல் மாதிரிக் கீச்சிட்டு முயல்களை அழைப்பார். பன்னிரண்டு இடத்தில் அப்படி அழைத்ததற்கு ஐந்து முயலும் ஒரு காட்டுப்பூனையும் வந்ததாகப் போப் எண்ணி எழுதியிருக்கிறார். மான் வேட்டைக்குப் பரண் கிடையாது. புதருக்குப் பின்னால் மான் தலையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு லேசாக அசைப்பார். என்ன அது என்று பார்க்க மான் தானாக நெருங்கி வரும். இத்தனை நுட்பமாக இன்னொருவன் கையைப் பார்க்கணும் என்றால் அந்தக் கை மேல் மரியாதை இருக்கணும். போப்புக்கு இருந்தது.

இங்கே ஒரு இடைச்செருகல். ஆங்கிலத்தில் 'அவன்', 'அவர்' என்ற வேறுபாடு கிடையாது. இந்தப் புத்தகத்தை யாராவது தமிழில் கொண்டுவந்தால் என்ன போடுவார்கள்? போப் 'அவர்', இஷி 'அவன்'. பந்தயம் கட்டுகிறேன். குருவை ஒருமையில் விளிக்க நம்ம மொழிபெயர்ப்பாளருக்குக் கை நடுங்காது.

நான்காம் அத்தியாயத்தில் காற்று திரும்புகிறது. இஷி செத்துப்போனார். போப் இங்கிலாந்தின் நீள வில்லுக்குப் போகிறார். யூ மரம், பழைய ஆங்கிலேய வில்லாளிகள், அவர்களின் முறை, அவர்களின் சொற்கள். ஐந்தாவது, வில் செய்வது எப்படி. ஆறாவது, அம்பு செய்வது எப்படி. பிறகு மான், கரடி, மலைச்சிங்கம், அலாஸ்கா. இஷியின் குட்டை வில் ஆங்கில வில்லைவிட வேகம் குறைந்தது என்பது போப்பின் தீர்ப்பு, இருக்கலாம். பிரச்சினை வில்லின் வேகத்தில் இல்லை. கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவரை முன்கதையாக்கிவிட்டு, ஏட்டில் மட்டும் இருக்கிற மூதாதைகளிடம் பரம்பரையைக் கேட்டு வாங்குகிறார். திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். புத்தகம் யாருக்குச் சமர்ப்பணம்? ராபின் ஹூட்டுக்கு. ஒவ்வொரு இளைஞன் மனசிலும் ஒரு காலத்தில் குடியிருக்கிற ஆவியாம். ராபின் ஹூட் ஒரு கதைப்பாத்திரம். பக்கத்துக் கட்டிடத்தில் தரை கூட்டின மனிதர் நிஜம்.

ஏகலைவனைப் பேசாத மேடை நம்மிடம் இல்லை. பாண்டவர்கள் வேட்டைக்குப் போன இடத்தில்தானே அவனைப் பார்க்கிறார்கள்? அவர்களுடைய நாயின் வாயை அம்பால் அடைத்தவன் வேட்டுவன் மகன், அப்புறம் கட்டைவிரல். அது ஆதிவாசி கதை, அதை தலித்துகள் எடுத்து ஆள்வது சரியா என்று ஒரு தோழர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி, இன்னொரு நாள் பேசுவோம். எனக்கு இங்கே வேறொன்று உறைத்தது. மகாபாரதத்தில் உயர்ந்தவன் குரு, காட்டான் சீடன், சீடனிடமிருந்து விரல் போகிறது. கலிஃபோர்னியாவில் காட்டான் குரு, உயர்ந்தவன் சீடன். அப்படியானால் காணிக்கை யாரிடமிருந்து யாருக்குப் போகணும்? கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாலும் அறுபட்டது அதே பக்கத்து உடம்புதான்.

1916 மார்ச் 25 அன்று இஷி காசநோயில் இறந்தார். காட்டில் அவருக்கு வராத நோய். குரோபர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுக்க விடாதீர்கள், விஞ்ஞானத்தின் நலன் என்று யாராவது பேசினால் விஞ்ஞானம் நரகத்துக்குப் போகட்டும் என்று என் சார்பாகச் சொல்லுங்கள் என்ற பொருளில் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் அறுத்துவிட்டார்கள். போப் உடன் இருந்தார். 1920இல் அவர் வெளியிட்ட இஷியின் மருத்துவ வரலாற்றில் அந்த விவரம் எல்லாம் உண்டு. மூளையை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு மற்றதை எரித்தார்கள். எரிக்கும்போது கூட வைத்த சாமான்: ஒரு வில், ஐந்து அம்பு, ஒரு கூடை ஓக்கு விதை மாவு, சிப்பி மணிக் காசு, புகையிலை, மூன்று மோதிரம், கொஞ்சம் கல் சில். வழிநடைக்கு வேண்டியதை எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மூளை 1917இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. அனுப்பிவைத்தவர், விஞ்ஞானத்தை நரகத்துக்கு அனுப்பிய அதே குரோபர்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. எங்க அப்பத்தா நல்லா ஒப்பாரி வைக்கும். சுத்துப்பட்டு ஊரில் எழவு என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஒரு பேராசிரியர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் காலத்தில் எங்க தெருவில் அது பெரிய விசயம். அப்பத்தாவுக்குக் கண்புரை என்று தெரிந்து தானே கூட்டிக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவைத்தார். அது செத்தபோது வந்து அழுதார். பொய் அழுகை இல்லை, நான் பார்த்தேன். புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். சமர்ப்பணம் அவருடைய ஆசிரியருக்கு. உள்ளே அப்பத்தா பாட்டுக்குக் கீழே 'தகவலாளி, பெண், வயது 65' என்று இருந்தது. அதன் குரலையாவது ஒரு பிரதி குடுங்கய்யா என்று கேட்டதற்கு, நாடா நிறுவனத்தின் சொத்து, தன் கையில் இல்லை என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரமாட்டேன் என்கிறது. அதுதான் கஷ்டம். நம்மைத் திட்டி எழுதுகிறவனை எதிர்கொள்ள நமக்குப் பயிற்சி இருக்கிறது. பிரியமாக எழுதுகிறவன் முன்னால் நாக்கு எழமாட்டேன் என்கிறது. போப்பை வாசிக்கிறபோது நான் தடுமாறியது அதனால்தான்.

'கடைசி' என்ற சொல்லையும் விடமுடியாது. கடைசி ஆள் என்று தலைப்பு வைத்துவிட்டால், கொன்றது யார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் சோகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். உரிமை கேட்டு வர ஒருவரும் இல்லை என்றும் ஆகிவிடும். 1990களில் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி, இஷி செதுக்கிய அம்புமுனைகளை மற்ற மக்களின் முனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவை பழைய யாஹி முனைகளைவிட அண்டை மக்களான விண்ட்டு, நோம்லாக்கி முனைகளைப் போல இருக்கின்றன என்றார். அப்படியானால் அவருக்கு இன்னொரு பக்கத்து உறவும் கலப்பும் இருந்திருக்கலாம். கலப்பில்லாத கடைசி மனிதன் என்று கட்டிவைத்த படிமம் அவர் கையால் செய்த கல்லிலேயே விரிசல் விடுகிறது. எழுத விடப்படாதவரின் சாட்சியம் என்று இதைத்தான் நான் சொல்வேன். இஷி தன் கதையை எழுதவில்லை. அவரைப் பற்றி அதிகம் விற்ற புத்தகத்தை எழுதிய தியோடரா குரோபர் அவரைப் பார்த்ததே இல்லை. கணவர் சொன்னதையும் காகிதங்களையும் வைத்து எழுதினார். அது வந்த வருசம் 1961. போப், யங் பெயரில் சங்கம் தொடங்கியதும் அதே 1961. சீடனுக்குச் சங்கம், குருவுக்குச் சோகக் கதை. அனிஷினாபே எழுத்தாளர் ஜெரால்ட் விசனோர் மாதிரியான பூர்வகுடிப் படைப்பாளிகள் போராடித்தான் 1993இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ஒரு முற்றத்துக்கு இஷி பெயர் வந்தது. குரோபர் பெயரில் இருந்த கட்டிடத்திலிருந்து அந்தப் பெயரை 2021இல் எடுத்தார்கள்.

உரிமை கேட்க ஆள் இருந்தது. 1990களின் கடைசியில் பூர்வகுடி மக்களின் குழு ஒன்று சாம்பலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பியது. மூளை எங்கே என்று அவர்கள் கேட்ட பிறகுதான் தேடினார்கள். 1999இல் ஆய்வாளர் ஓரின் ஸ்டார்ன் பழைய கடிதங்களில் தடம் பிடிக்க, ஸ்மித்சோனியன் ஆமாம் எங்களிடம்தான் இருக்கிறது என்றது. 2000இல் ரெட்டிங் ராஞ்சேரியா, பிட் ரிவர் மக்களிடம் ஒப்படைத்தார்கள். சாம்பலையும் மூளையையும் சேர்த்து அடக்கம் செய்தார்கள். எந்த இடத்தில் என்று வெளியே சொல்லவில்லை.

விஸ்கான்சினில் 1934இல் வில்லுக்கு மட்டும் என்று தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் அதுதான் முதல். அந்த மாநிலத்தில்தான் என் நண்பன் பரணில் உட்கார்ந்திருந்தான். போன மாதம் போனில் பேசியபோது, புத்தகம் கொடுத்த அந்த மனிதரிடம் இஷியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் பதில் வந்தது. அவர் அந்தப் புத்தகத்தை நாலைந்து தடவை வாசித்தவராம். "முதல் மூணு அத்தியாயம் நான் படிச்சதில்ல, வில்லு செய்யற பாடம் அஞ்சாவதுலதானே இருக்கு" என்றாராம்.